சீஐடியைக் காப்பியடித்த பதுளைக்காரி

பூனாகலை மாரியம்மனே ஒரு நாள் நேரில் இறங்கி வந்து, "மகளே, என்ன வரம் வேணும், கேளு" என்று சொன்னாலும், "அது இருக்கட்டும், மொதல்ல அடையாள அட்டையைக் காட்டுங்க" என்று கையை நீட்டக்கூடிய ஒரு மனுஷி ஊவா மாகாணத்தில் உண்டு. அம்மன் அட்டையைக் காட்டினாலும் விஷயம் முடியாது. "போட்டோவுல சூலத்தைக் காணோமே?" என்று அடுத்த கேள்வி வரும்.

அவளைப் பெற்றவர்கள் அவளுக்கு அழகான ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது வகுப்பு வரவு இடாப்பில் மட்டும் இருந்தது. டீச்சர் அந்தப் பெயரைக் கூப்பிட்டால், "யாருடி இது, புதுசா வந்திருக்காளா?" என்று நாங்களே திரும்பிப் பார்ப்போம். எங்களுக்கு அவள் சீஐடி.

இப்போது பண்டாரவளைப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸில், தைத்து வரும் சட்டைகளில் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் வேலையில் இருக்கிறாள். அவளுக்கென்றே கடவுள் படைத்த வேலை. அவள் மேசையைத் தாண்டிப் போன சட்டையில் பொத்தான் கழன்று விழுந்தால், அது பொத்தானின் சொந்த முடிவாகத்தான் இருக்க வேண்டும். நான் போன மாதம் அவளுக்குப் போன் எடுத்தேன்.

"நான்தான்டி, மஞ்சு."

"மஞ்சுன்னு எப்படி நம்புறது?"

"என் நம்பர்தானே விழுது?"

"நம்பரைத் திருடலாம். ஹொஸ்டல் பருப்புக் கறியில எத்தனை பருப்பு இருக்கும்?"

"எண்ணிப் பார்க்கிற அளவுக்குத்தான் இருக்கும்."

"மஞ்சுதான். சொல்லு, எப்படி இருக்கே?"

இந்தக் குணம் அவளுக்குப் பரம்பரையாக வந்தது. அவளுடைய அப்பா தேயிலைத் தோட்டத்தில் வாச்சர், அதாவது காவல்காரர். எவன் விறகு வெட்டுகிறான், எவன் வேலியைப் பிரிக்கிறான் என்று பார்த்துத் திரிகிற உத்தியோகம். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கிய மனிதர். மகள் அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்தாள், ஓவர்டைமும் சேர்த்து.

நான் கொஸ்லந்த பக்கம். அவள் பூனாகலை. இரண்டு பேரும் பண்டாரவளையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்து விடுதியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்காரிகளானோம். வந்த அன்றைக்கு, அம்மாவைப் பிரிந்த அழுகையை அடக்கிக்கொண்டு, "ஒன் பேரு என்ன?" என்று சிநேகமாகக் கேட்டேன்.

"எதுக்கு?" என்றாள்.

சீஐடி என்ற பட்டம் கிடைத்தது ஒரு குடையால். நல்ல மழைநாள். புவியியல் டீச்சரின் கறுப்புக் குடையைக் காணவில்லை. எங்கள் வகுப்பில் ஒருத்தியும் பதறவில்லை, குடை போனால் டீச்சருக்குத்தானே நஷ்டம். இவள் மட்டும் எழுந்து, எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு தலையாகத் தொட்டுப் பார்த்தாள். "குடையை எடுத்தவ தலை நனைஞ்சிருக்காது" என்பது அவளுடைய கணக்கு. எல்லாத் தலையும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. பக்கத்து வகுப்புக்குப் போனாள். அங்கேயும் ஈரம். கடைசியில் யாரும் தடுப்பதற்குள் பிரின்சிபல் அறைக்குள் நுழைந்து, "மிஸ், ஒங்க தலை மட்டும் ஏன் காஞ்சிருக்கு?" என்று கேட்டுவிட்டாள்.

பிரின்சிபல் அம்மா திகைத்துப்போய்க் கதவுக்குப் பின்னால் பார்த்தார். தன்னுடைய குடை என்று நினைத்து அவர் எடுத்து வந்தது டீச்சருடைய குடை. இரண்டும் கறுப்பு.

அன்றைக்கு அவள் கணக்குத் தப்பியிருந்தால் நாங்களெல்லாம் பிழைத்திருப்போம். சரியாகப் போனதுதான் வினை. அதற்குப் பிறகு அவள் மீன் பனிஸ் வாங்கினால் இரண்டாகப் பிளந்து, உள்ளே இருப்பது மீன்தானா என்று முகர்ந்து பார்க்காமல் வாயில் வைக்க மாட்டாள். விடுதி மணி அடித்தால், "யாரு அடிச்சா? வார்டன் மிஸ்ஸா, வேற யாருமா?" என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். கொஞ்ச நாளில் எங்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. என் சோப்பு தேய்ந்துபோனதற்கு ஒரு வாரம் முழுக்க நான் மூன்று பேரைச் சந்தேகித்திருக்கிறேன். சோப்பு என்றால் தேயும் என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது.

இப்படிப்பட்டவளின் கையில்தான் சதுரங்கப் பலகையைக் கொடுத்தார் எங்கள் கணக்கு டீச்சர்.

டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். பண்டாரவளைக் குளிருக்கு இரண்டு ஸ்வெட்டரும் ஒரு மப்ளரும் போட்டுக்கொண்டு, வகுப்பில் மூக்கு மட்டும் தெரிய நிற்பார். பள்ளிக்கூடத்துக்கு ஒரு சதுரங்க அணி வேண்டும் என்பது அவருடைய ஆசை. காய்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி விளக்கினார். ராஜா, ராணி, மந்திரி, கோட்டை வரைக்கும் சீஐடி பொறுத்துக்கொண்டாள். குதிரை வந்ததும் கையை உயர்த்தினாள்.

"டீச்சர், இது மட்டும் ஏன் நேரா போக மாட்டேங்குது?"

"அது அப்பிடித்தான் பிள்ளை. ரெண்டு கட்டம் போய் ஒரு பக்கம் திரும்பும்."

"திரும்புதுன்னா எதையோ மறைக்குது."

"இவள் ஒண்டில் விசர், அல்லாட்டி சம்பியன்" என்று டீச்சர் மற்ற ஆசிரியைகளிடம் சொன்னாராம். பைத்தியமும் சம்பியனும் ஒரே ஆளாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

உண்மையில் அவள் நன்றாக ஆடினாள். எதிராளி ஒரு சிப்பாயை நகர்த்தினால் நாங்கள் அடுத்து நாம் எதை நகர்த்துவது என்று பார்ப்போம். சீஐடி எதிராளியின் முகத்தைப் பார்ப்பாள். 'இப்ப எதுக்கு இதை வைச்சா?' அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும் வரைக்கும் கை அசையாது. சதுரங்கத்தில் பாதி வெற்றி அந்தக் கேள்வியில்தான் இருக்கிறதாம், டீச்சர் சொல்வார். மீதிப் பாதியில்தான் அவள் கோட்டை விட்டாள். எதிராளி தவறிப்போய் ஒரு காயைச் சும்மா விட்டுவிட்டால், அதை எடுக்கவே மாட்டாள். ஒரு தடவை அப்புத்தளைப் பக்கத்துப் பெண் ஒருத்தி ராணியையே தெரியாமல் இவள் வாயில் கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள், கண் கலங்கினாள். இவள் அந்த ராணியை ஏறிட்டும் பார்க்காமல் வேறு எதையோ நகர்த்தித் தோற்றுப்போய் வந்தாள்.

"ஏன்டி எடுக்கல?"

"சும்மா தருவாளா ஒருத்தி? அதுவும் ராணியை?"

ஆட்டத்தைத் தொடங்குவதிலும் அவளுக்குத் தனி வழி. நடுவில் நிற்கும் சிப்பாயைத் தள்ளித் தொடங்குவதுதான் ஊர் வழக்கம். அவளோ ஓரமாக ஒதுங்கி, மந்திரிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவாள். "ரோட்டு நடுவுல போறவனை எல்லாரும் பார்ப்பாங்க. ஓரமா போறவன்தான் ஊர் போய்ச் சேருவான்" என்பாள். டீச்சருக்கு ஒரே சந்தோஷம். "பிள்ளை, இது பெரிய ஆக்கள் எல்லாரும் ஆடுற முறை. இங்கிலீஷ் ஓப்பனிங் எண்டு பேர்" என்றார்.

சீஐடியின் முகம் இருண்டது. "இங்கிலீஷ்காரனா? தோட்டத்தையும் அவன்தானே தெறந்தான்? அதுவே இன்னும் முடியலையே."

ஆனாலும் அந்த ஓப்பனிங்கை விடவில்லை. அதைப் பழக அவளுக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, திரைச்சீலையும் இழுத்துவிட்ட பிறகுதான் காயை அடுக்குவாள்.

"யாருடி பார்க்கப் போறா? ஒரு பல்லிதான் இருக்கு" என்றேன் ஒரு நாள்.

"அது எங்கேருந்து வந்த பல்லி?" என்றாள்.

பல்லியைத் துரத்திவிட்டு என்னோடு ஆடினாள். என்னை மட்டும் அறைக்குள் விட்டாளே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மாகாண இளையோர் அணிப் போட்டி பதுளையில் நடந்தது. அணிக்கு நான்கு பேர். முதல் மேசையில் சீஐடி, நாலாவது மேசையில் நான். கடைசிச் சுற்றில் பதுளை டவுன் பள்ளிக்கூடம் ஒன்றை வென்றால் கொழும்புக்குப் போகலாம் என்று ஆகிவிட்டது. சமமாக முடிந்தால்கூட, புள்ளி அதிகம் வைத்திருந்த அவர்கள்தான் போவார்கள். எங்கள் நான்கு பேரில் ஒருத்தியும் அதுவரை கொழும்பைப் பார்த்ததில்லை. கடலையும் பார்த்ததில்லை. மலைக்கு மலை பார்த்து வளர்ந்த எங்களுக்குக் கடல் என்றால் பாடப்புத்தகத்தில் இருக்கிற நீல மை மட்டும்தான். "கொழும்புல ஹொஸ்டல் ஜன்னலைத் தெறந்தா கடல் தெரியுமாம்" என்று மூன்றாம் மேசைக்காரி சொன்னதிலிருந்து எங்களுக்குத் தூக்கம் இல்லை. சீஐடி மட்டும், "தெரியுமாம்னு யாரு சொன்னா?" என்று கேட்டாள். ஆனால் அவளும் அன்றிரவு புரண்டு புரண்டு படுத்தாள்.

அந்தக் கடைசி நாள் காலையில் ரயிலில் பதுளைக்குப் புறப்பட்டோம். தெமோதரவில் ரயில் பாதை ஒரு பெரிய வட்டம் அடித்து, புறப்பட்ட ஸ்டேஷனுக்கே அடியில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து போகும். உலகத்தில் மற்றவர்கள் அதை வாய் பிளந்து பார்ப்பார்கள். சீஐடி எழுந்து நின்றுவிட்டாள்.

"டீச்சர், இப்பத்தானே அந்த ஸ்டேஷன்ல நின்னோம்? இப்ப அதுக்குக் கீழ போறோம்."

"ஓம் பிள்ளை, பாதை அப்பிடி."

"போற எடத்துக்குப் போறவன் எதுக்கு டீச்சர் சுத்தி வரணும்?"

பதுளை வரும் வரைக்கும் அவள் உட்காரவில்லை.

போட்டி நடந்த பள்ளிக்கூட மண்டபத்துக்கு வெளியே கழிவறை வரிசையில் நான் நின்றுகொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு சிறிய பெண், பாவாடை மடிப்பு கழன்று தவித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, ஊக்கு ஒண்ணு இருக்கா?" என்றாள். என் சட்டையிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். "தேங்க்ஸ் அக்கா" என்று சிரித்தாள். அவ்வளவுதான் நடந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், அவள்தான் பதுளை அணியின் முதல் மேசைக்காரி. சீஐடிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

ஆட்டம் தொடங்கியது. சீஐடி தன் ஓரத்துச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். கண்ணாடிக்காரியும் அதே சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். சீஐடி குதிரையை எடுத்தாள். அங்கேயும் குதிரை. இவள் ஒரு சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, அந்த வழியில் மந்திரியை மூலையில் பதுக்கினாள். அங்கேயும் ஒரு கட்டம், அங்கேயும் மூலை, அங்கேயும் மந்திரி. பலகைக்கு நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்திவைத்த மாதிரி இருந்தது.

சீஐடி கையை உயர்த்தினாள். நடுவர் வந்தார். சிங்கள ஐயா. தமிழைச் சிரமப்பட்டு, ஆனால் பிரியமாகப் பேசுவார். எங்களையெல்லாம் 'துவ' என்றுதான் கூப்பிடுவார். மகளே என்று அர்த்தம்.

"ஐயா, இவ என்னைப் பார்த்துக் காப்பி அடிக்கிறா."

"என்ன துவ?"

"நான் வைக்கிறதையே வைக்கிறா. பாருங்க. இங்க இருக்கிறதுதான் அங்க. அங்க இருக்கிறதுதான் இங்க."

நடுவர் இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தார். "ஆமா, ஒரே மாதிரிதான். அழகா இருக்கு" என்றார். "செஸ்ல காப்பி அடிக்க ஏலும் துவ. பிரச்சின இல்ல. அதுக்குப் பேரும் இருக்கு, சிமெட்ரிகல்."

"அப்ப பரீட்சையில அடிச்சா மட்டும் ஏன் வெளிய போடுறீங்க?"

நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வெளையாடுங்க துவ" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்துபோனார்.

அதன் பிறகு சீஐடி ஆட்டத்தை நிறுத்திவிட்டு விசாரணையைத் தொடங்கினாள். கோட்டையைக் காரணமில்லாமல் ஒரு கட்டம் நகர்த்திப் பார்த்தாள். அங்கேயும் கோட்டை ஒரு கட்டம் நகர்ந்தது. தண்ணீர் குடித்தாள். கண்ணாடிக்காரியும் போத்தலைத் திறந்தாள். மூக்கைத் தொட்டாள். அந்தப் பிள்ளை, பாவம், வழுக்கி இறங்கிய கண்ணாடியைச் சரிசெய்யத் தன் மூக்கைத் தொட்டது. சுண்ணாம்புப் பொடி பறக்கிற அந்த மண்டபத்தில் யாருக்கும் இருமல் வரும். சீஐடி இருமினாள், அவளும் இருமினாள். சீஐடியின் கண் சுருங்கியது.

அந்த நேரம் அவள் மண்டைக்குள் ஓடியதை அவளே பிறகு எனக்குச் சொன்னாள். 'இவ்வளவு வேகமா, யோசிக்காம வைக்கிறான்னா, நான் என்ன வைப்பேன்னு இவளுக்கு மொதல்லயே தெரியும். என் ஆட்டம் தெரிஞ்சது யாருக்கு? பல்லியைத் தொரத்தியாச்சு. மஞ்சுவுக்கு மட்டும்தான். காலையில கக்கூஸ் பக்கத்துல மஞ்சு இவ கையில ஊக்கு குடுத்ததைப் பார்த்தேன். ஊக்கு மட்டும்தானா?'

நான் என் மேசையில் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டு, கடல் அலை எத்தனை உயரம் இருக்கும் என்ற யோசனையோடு ஆடிக்கொண்டிருந்தேன். கழுத்துக்குப் பின்னால் மூச்சு சுட்டது. திரும்பிப் பார்த்தால் சீஐடி.

"ஊக்கு குடுத்தியே," என்று காதுக்குள் சொன்னாள், "வேற என்னடி குடுத்தே?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நடுவர் ஓடி வந்து, "பேச வேணாம் துவ, போங்க, ஒங்க மேசைக்குப் போங்க" என்று அவளைத் துரத்தினார். அவள் போய்விட்டாள். அவளுடைய கேள்வி மட்டும் என் மேசையிலேயே உட்கார்ந்திருந்தது.

பிரின்சிபலைச் சந்தேகித்தாள், வார்டனைச் சந்தேகித்தாள், பல்லியைச் சந்தேகித்தாள். என்னை மட்டும் விட்டுவைத்திருந்தாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பலகை எனக்குக் கலங்கலாகத் தெரிந்தது. எந்தச் சிப்பாய் கூடுதல், எது குறைச்சல் என்றே தெரியாமல் இரண்டு காயைப் பறிகொடுக்கப் பார்த்து, கடைசியில் எதிராளி சமம் கேட்டதும் தலையாட்டிவிட்டு எழுந்தேன்.

இரண்டாம் மேசையில் நாங்கள் வென்றிருந்தோம். மூன்றாம் மேசையில் தோற்றிருந்தோம். என்னுடையது சமம். கொழும்பு, கடல், ஜன்னல் எல்லாம் இப்போது முதல் மேசையில், அந்த மகராசியின் கையில்.

பார்க்க வந்தவர்கள் நிற்பதற்காகக் கயிறு கட்டியிருந்த இடத்தில் டீச்சர் மப்ளர் நுனியைக் கடித்துக்கொண்டு நின்றார். பதுளை வெயிலிலும் அவர் மப்ளரைக் கழற்றியிருக்கவில்லை. நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். சீஐடி அப்போதுதான் ராணியை நீளமாக இழுத்து வைத்து, "செக்" என்றாள்.

யோசித்துப் பார்த்தால் அது நல்ல தந்திரம். எதையும் காப்பி அடிக்கலாம், செக்கைக் காப்பி அடிக்க முடியாது. தன் ராஜாவைக் காப்பாற்றிக்கொண்டுதான் ஆக வேண்டும். கண்ணாடிக்காரி முதல் தடவையாகத் தலையைத் தூக்கி முழித்தாள். ராஜாவை நகர்த்தினாள். அதோடு பலகை நடுவில் நின்ற கண்ணாடி உடைந்தது. அடுத்ததைச் சொந்தமாக யோசிக்க வேண்டும். யோசித்தாள், உதட்டைக் கடித்தாள், விரலை மடக்கி எண்ணினாள், பிறகு தன் குதிரையைத் தூக்கி, ஒரு காவலும் இல்லாத இடத்தில், சீஐடியின் மந்திரிக்கு நேர் எதிரே கொண்டுபோய் வைத்தாள்.

டீச்சர் என் கையைப் பிடித்தார். பிடித்த பிடியில் என் வளையல் நெளிந்தது. "கடவுளே, சும்மா நிக்குது" என்று வாய்க்குள் முணுமுணுத்தார்.

சீஐடி குதிரையைப் பார்த்தாள். கண்ணாடிக்காரியைப் பார்த்தாள். அந்தப் பிள்ளைக்குத் தன் பிழை தெரிந்துபோய் முகம் வெளுத்திருந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டது. எனக்குத் தெரிந்த சீஐடிக்கு அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும். நடிக்கிறாள். இத்தனை நேரம் காப்பி அடித்தவள் இப்போது மட்டும் ஏன் சொந்தமாக வைக்கிறாள்? அதுவும் ஏன் சும்மா தருகிறாள்?

கடிகாரம் ஓடியது. அவள் கை எழுந்து மந்திரிக்குப் பக்கத்தில் போய், தொடாமல் திரும்பி வந்தது. மறுபடி போனது, மறுபடி வந்தது. மூன்றாம் மேசைக்காரி கண்ணை மூடி எல்லாத் தெய்வத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நாங்கள் ஒரு சைகைகூடக் காட்டக் கூடாது, காட்டினால் ஆட்டமே போய்விடும்.

எனக்குத் தாங்கவில்லை. எடுக்க மாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பக்கத்துக் கட்டில்காரியை நம்பாதவளா, எதிரி வைத்த குதிரையை நம்பப் போகிறாள்? அந்தக் கண்றாவியை நின்று பார்க்க எனக்கு என்ன தலையெழுத்து? டீச்சர் கையை உதறிவிட்டு, விறுவிறுவென்று நடந்து வாசலைத் தாண்டி வெளியே போய்விட்டேன். பள்ளிக்கூடத்துக் கைகழுவும் குழாயடியில் நின்று, யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, நன்றாக அழுதேன். உறுதி செய்துகொண்டு அழுவதும் அவளிடம் கற்ற பழக்கம்தான்.

எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. டீச்சர் ஓடி வந்தார். ஒரு பக்கத்து மப்ளர் தரையில் இழுபட்டது.

"எடுத்திட்டாளடி!"

"என்னத்தை டீச்சர்?"

"குதிரையை! மற்றப் பிள்ளை அதோட உடைஞ்சு போச்சு, கை குடுத்திட்டுது. வெண்டிட்டம்!" என்று சொல்லி, கணக்கு டீச்சர் என்ற நினைப்பே இல்லாமல், என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கண்ணாடிக்காரி என்னைத் தேடி வந்தாள். அழுது முடித்த கண். "அக்கா, ஒங்க ஆளு எப்பவுமே இப்படித்தான் பார்ப்பாங்களா?" என்று பயத்தோடு கேட்டாள். "எனக்கு அந்த ஓப்பனிங் சுத்தமாத் தெரியாது அக்கா. தெரியாதது வந்தா அவங்க வைக்கிறதையே வைச்சுக்கிட்டுப் போ, கொஞ்ச நேரம் தப்பிக்கலாம்னு எங்க சார் சொன்னாரு. அவங்க பார்த்த பார்வையில தண்ணி விக்குது, இருமல் வருது. கடைசியில குதிரையை எங்க வைக்கிறேன்னே தெரியல."

இத்தனை பெரிய சதிக்குப் பின்னால் இருந்தது ஒரு சின்னப் பிள்ளையின் பயம். அதை நான் சீஐடியிடம் சொல்லவில்லை. நான் அவளிடம் எதையுமே சொல்வதாக இல்லை. மற்ற இரண்டு பேரும் டீச்சரும் கொழும்பைப் பற்றிக் கூத்தாடிக்கொண்டிருக்க, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன்.

திரும்பும்போது ரயில் வேண்டாம் என்று சீஐடி ஒரே பிடியாக நின்றதால் பஸ்ஸில் ஏறினோம். இருட்டுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. மழை பிடித்துக்கொண்டது. எத்தனையோ சீட் காலியாக இருந்தும் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். பஸ் பதுளையைத் தாண்டுவதற்குள், பேசக் கூடாது என்று போட்ட சத்தியம் போய்விட்டது.

"எப்படிடி எடுத்தே?"

"என்ன செய்றதுன்னு தெரியாம தலையைத் தூக்குனேன். நீ வெளிய போய்க்கிட்டு இருந்தே. வாசல் வரைக்கும் பார்த்தேன். நீ திரும்பியே பார்க்கல."

"அதுக்கு?"

"எங்கப்பா சொல்லுவாரு, வெறகு திருடுனவன் நாலடி போனதும் திரும்பிப் பார்ப்பான்னு. நீ பார்க்கல. அப்ப நீ அவளுக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. நீ சொல்லலைன்னா அவளுக்கு என் ஆட்டம் தெரியாது. தெரியாதவ வைச்ச குதிரை, வெறும் குதிரைதான். எடுத்துட்டேன்."

"நான் கோவத்துலடி போனேன். அழுதுகிட்டுப் போனேன்."

"தெரியும். முதுகு குலுங்குச்சு."

"திரும்பிப் பார்த்திருந்தா?"

"குதிரை அங்கேயே நின்னிருக்கும். நம்மளும் இங்கேயே நின்னிருப்போம்."

நான் மறுபடி ஜன்னலைப் பார்த்தேன். கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. வெளியே தேயிலை மலைகள் ஒவ்வொன்றாக மூடுபனிக்குள் போய்க்கொண்டிருந்தன.

"ஊக்கு விஷயத்துல ஒன்னை விடுதலை பண்ணிட்டேன்" என்றாள். "சந்தேகத்தோட இல்ல. முழு விடுதலை."

"மன்னிப்புக் கேக்க மாட்டியா?"

"எதுக்கு? விசாரிச்சேன். நீ தப்புப் பண்ணலைன்னு தெரிஞ்சுச்சு. விசாரிக்காமலே நம்பியிருந்தா ஒனக்கு அதுல என்ன பெருமை?"

கொழும்புக்குப் போனதும், அங்கே முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வியதும், கடலை முதன்முதலாகப் பார்த்த சீஐடி குனிந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்து, "உப்புதான்" என்று எங்களுக்கு அறிவித்ததும் பிறகு நடந்தவை. அன்றைக்குப் பஸ்ஸில் என் கோபம் பாதி இறங்கி, மீதி எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றது.

ஹாலிஎல தாண்டியதும், தோளில் குறுக்காக மாட்டியிருந்த தன் பையை அவள் கழற்றினாள். அதை என் மடியில் வைத்தாள். பஸ்ஸில் பையைக் கழற்றுபவள் அல்ல அவள், கண் மூடுபவளும் அல்ல. "பார்த்துக்க" என்று மட்டும் சொன்னாள். அடுத்த வளைவுக்குள் அவள் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. வாயைத் திறந்துகொண்டு, உலகத்தில் திருடனே இல்லாத மாதிரி தூங்கினாள்.

எல்ல வரைக்கும் வளைவுக்கு மேல் வளைவு. என் தோள் மரத்துப்போனது. பண்டாரவளை வந்து சேரும் வரைக்கும் நான் அசையவில்லை.